பொறுப்பு: போர்மேன்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கும் திட்டம் எழுதித் தரச் சொன்னபோது, உள்ளே என்ன எழுதுவது என்பதைவிட, மேலே தங்க எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்றுதான் நான் அதிகம் யோசித்தேன். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் பாதி ஆயுளைக் கழித்தவனிடம் எதைக் கொடுத்தாலும் காலண்டராகத்தான் வெளியே வரும். வழவழப்பான தாள், நான்கு வண்ணம், ஆணியில் மாட்ட ஒரு வளையம். சாமி படம் ஒன்றுதான் குறை.

அச்சங்குளம் பக்கத்துக் கம்பெனி அது. வடக்கே இருந்து பெரிய ஆர்டர் கொடுப்பவர்கள், இப்படி ஒரு திட்டம் இருந்தால்தான் சரக்கு எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். "நீங்க நாலு புஸ்தகம் படிச்ச ஆளு, எழுதிக் குடுங்க. எங்க வீட்டாளுக பேரு மட்டும் எங்கனயும் வரக் கூடாது" என்றார் முதலாளி. ஒவ்வொரு விதிக்கும் எதிரே 'பொறுப்பு' என்று ஒரு கட்டம். அறைக்கு நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, பொறுப்பு, போர்மேன். மரத்தடியில் வைத்து மருந்து அடைக்கக் கூடாது, போர்மேன். வேலை முடியும்வரை மேற்பார்வையாளர் இடத்தைவிட்டு நகரக் கூடாது, அதற்கும் போர்மேன். கட்டம் காலியாக இருந்தால் பக்கம் அழகாக இருக்காதே என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இருக்கவில்லை.

போர்மேன் ஆமத்தூர்க்காரர். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த தொண்டை. ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டி, "பாத்தியா, கம்பெனியில அம்புட்டுக்கும் நான்தான்" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டாராம். "சம்பளத்துல அது தெரியலையே" என்றாராம் அந்த அம்மா. இதை என்னிடம் சொல்லிவிட்டு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆனால் அவர் அதைப் படித்துவிட்டார். படித்ததோடு நிற்காமல் நம்பியும்விட்டார். சீசன் நேரத்தில் அறை அறையாக நுழைந்து, "எந்திரிங்கத்தா! நாலு பேருக்கு மேல ஒருத்தி இருந்தாலும் கம்பி எண்ணப் போறது நான்லா!" என்று கத்துவார். "எங்க கூலி போகுதே, ஒங்க வீட்டுலயா எல போடுவீக?" என்று ஒரு பெண் எதிர்த்துக் கேட்பாள். அவள் வெளியே போகும்வரை அவர் வாசலைவிட்டு நகர மாட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் குறைபட்டுக்கொண்டார்: "எழுதித்தானய்யா குடுக்கச் சொன்னேன். இந்தாளு செய்ய ஆரம்பிச்சுட்டானே!"

தீபாவளி லோடு ஏற வேண்டிய நேரத்தில், ஒரு மனுவைக் கொடுத்து வரச் சொல்லி என்னையும் போர்மேனையும் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினார் முதலாளி. தபாலில் போட்டிருக்கக்கூடிய மனு. "நான் இல்லாம எப்படிண்ணாச்சி?" என்று போர்மேன் தயங்கினார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம், போய்ட்டு வாரும்."

அங்கே வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது போர்மேனுக்குப் போன் வந்தது. "எந்த ரூமு?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் திரும்பியபோது அந்த அறை இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருத்தியும் பிழைக்கவில்லை. வேலைக்குப் போகும்போது கழற்றிவிட்ட செருப்புகள் தள்ளி, வேலியோரம் வரிசையாகக் கிடந்தன. நான்கு ஜோடிக்கு மேலே இருந்தன. அவரை எதிர்த்துப் பேசிய பெண்ணின் செருப்பு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆபீஸ் சுவரில் தொங்கிய என் காலண்டரைப் போலீஸ்காரர் பொறுமையாகப் புரட்டினார். "போர்மேன் இடத்தவிட்டு நகரக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"முதலாளிதான் எங்களை அனுப்பினார்" என்றேன்.

"அது இதுல எங்க போட்டிருக்கு?"

போர்மேனை ஜீப்பில் ஏற்றினார்கள். எனக்கு ஒன்றுமில்லை, எந்தக் கட்டத்திலும் நான் என்னைப் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் ஜாமீனில் வந்த பிறகு ஆமத்தூருக்குப் போனேன். காலண்டர் இன்னமும் சுவரில்தான் தொங்கியது. தங்க எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. நல்ல சரக்காகப் பார்த்து வாங்கிப் போட்டிருந்தேன். அவர்தான் முதலில் பேசினார், கத்தாமல்.

"கம்பெனி தெறந்தாச்சு சார். புதுப் போர்மேன் வந்துட்டாராம். ஒங்க காலண்டரயேதான் மாட்டிருக்காக. அதுல போர்மேன்னுதானே இருக்கு, என் பேரு இல்லயே. திரும்ப அச்சடிக்க வேண்டியதில்லன்னு முதலாளிக்குச் சந்தோசமாம்."