பேர் சொல்லாத வீடு

பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் சாலோமிக்குப் பிழைப்பு. கேட்டால் சிரிப்பீர்கள். வளர்ச்சியில் பின்தங்கிய சின்னப் பிள்ளைகளின் வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்கிறவள். பிள்ளை விளையாடும்போது பின்னால் நின்று பேரைச் சொல்லுவாள். திரும்புகிறதா என்று பார்ப்பாள். பாளையங்கோட்டையில் பஸ் ஏறி, வருஷக்கணக்காக இதே வேலை. திரும்பாத பிள்ளைகள் அவளை விடுவதில்லை. தூக்கத்திலும் கூப்பிடுகிறாளாம். "ராத்திரி யாரு பிள்ளையக் கூட்டிட்டு வந்த?" என்று கணவன் தானியேல் கேலி செய்வான். அவளுக்குச் சிரிப்பு வராது.

ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கம், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே சுடலைவடிவின் வீடு. இரண்டரை வயது மகன் இசக்கிமுருகன். பேச்சில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை, முகம் பார்ப்பதில்லை. நாள் முழுக்கச் சட்டிமூடியைத் தரையில் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் காதைச் சோதித்தாயிற்று, காதில் குறையில்லை. இந்த வயதிலேயே பிடித்துக்கொண்டால் நல்லது, தள்ளிப்போனால் பிள்ளை பாடு கஷ்டம் என்று சாலோமி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் பேரைச் சொல்லு, அவன் பார்த்தால் உடனே கொஞ்சு. கேட்டது அவ்வளவுதான்.

வடிவு எல்லாம் செய்தாள். பேரை மட்டும் சொல்லவில்லை. ராசா, தங்கம், ஏலே என்று நாளுக்கொன்று. சொன்னதைச் செய்யாத தாய்மாரைக் கண்டால் சாலோமிக்கு ஆகாது. "ஒரு பேரச் சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?" என்று கேட்டேவிட்டாள்.

"அது அவுக பேரு, அக்கா" என்றாள் வடிவு.

அவுக என்றால் புருஷன். ஆறு ஊருக்குள் புகுந்த அந்த மார்கழி வெள்ளத்தில், தோட்டத்தில் கட்டிக்கிடந்த மாட்டை அவிழ்த்துவிடப் போனான். மாடு வந்தது, ஆள் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வடிவு அப்போது நிறைமாசம். பிள்ளை பிறந்ததும் மாமியார் போனவன் பேரையே வைத்துவிட்டு, மூத்த மகன் வீட்டோடு போய்விட்டாள். உயிரோடு இருக்கிற அப்பன் பேரைப் பிள்ளைக்கு வைப்பது அந்தப் பக்கத்து வழக்கமில்லை. வடிவோ இன்னும் தாலியைக் கழற்றவில்லை.

சாலோமியின் கோபம் போன இடம் தெரியவில்லை. "அப்பம் வேற பேரு ஒண்ணு வச்சுக் கூப்புடு. பிள்ளைக்கு ஒரே பேரா இருந்தா போதும்."

"மாத்துனா அவுக பேரே இல்லாமப் போயிருமேக்கா." வடிவு குரலைத் தாழ்த்தினாள். "கல்யாணமாகி ஒருநாளும் நான் அவுக பேரச் சொன்னதில்ல. இப்பம் சொல்லி, வாசல்ல வந்து நின்னுட்டாகன்னா? நினைச்சாலே பயமா இருக்கு. வரலைன்னா, அதவிடப் பயமா இருக்கு."

நடுப்பகல்தான். ஆனாலும் சாலோமிக்கு முதுகு சில்லிட்டது. இத்தனை நாளும் இந்த வீட்டுக்குள் வந்து யார் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வடிவு வாசலைப் பார்த்தது இப்போதுதான் உறைத்தது. கர்த்தரே என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு நான் யாரோ. நீ கூப்புடணும் வடிவு. ஒரேயொரு தடவ."

வடிவு மகனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். வாய் திறந்து மூடியது. பிறகு, ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற சத்தத்தில் கூப்பிட்டாள்.

"இசக்கிமுருகா!"

சாலோமியும் வாசலைத்தான் பார்த்தாள். பார்த்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டாள். வெயிலைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

சட்டிமூடி ஆடி ஆடி அடங்கியது. பிள்ளை திரும்பியிருந்தான். சத்தத்துக்கோ, பேருக்கோ, தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வடிவு அவனைப் பார்க்கவில்லை. "ஒருத்தரும் வரலையேக்கா" என்றாள். வாசலை விட்டுக் கண்ணெடுக்காமல் அழுதாள்.

பிள்ளையின் பார்வை இன்னும் ஒரு நொடிகூட நிற்காது என்று சாலோமிக்குத் தெரியும். அழுது தீர்க்கட்டும் என்று விட நேரமில்லை. பாய்ந்துபோய் வடிவின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்து, பலவந்தமாக, மகன் பக்கம் திருப்பினாள்.