பச்சையாகவே இருந்த திரை

அலுவலகத்தில் அவளுக்கு நிதானம் என்று பெயர். கட்டிடம் தீப்பிடித்தாலும் கையிலிருக்கும் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்பார் முதலாளி. அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று அவளும் கேட்டதில்லை, அவரும் விளக்கியதில்லை. மாடியில் ஒரே அறை. முதியோர் இல்லங்களுக்கு அழைப்பு மணி செய்துகொடுப்பது தொழில். கட்டிலோரம் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் பட்டனில் ஒரு விளக்கு எரியும். நர்ஸ் மேசைத் திரையில் அந்தக் கட்டிலுக்கான கட்டம் பச்சையிலிருந்து சிவப்பாகும். நர்ஸ் கட்டத்தைத் தொட்டால் விளக்கு அணைந்து, திரும்பப் பச்சையாகிவிடும். இவ்வளவுதான் சமாச்சாரம். அதற்கான புரோகிராம் முழுக்க அவள் தலையில்தான் விழுந்தது.

பட்டன்களோடு பேசுவதற்கு, யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு ஒன்றை, லைப்ரரி என்பார்கள், எடுத்துக்கொண்டாள். அதன் உயிர் ஈவென்ட் லூப்பில் இருந்தது. லூப் ஓட ஆரம்பித்துவிட்டால் செய்தி வருமா வருமா என்று காத்தபடியே கிடக்கும், வேறு வேலைக்குத் திரும்பாது. திரையைக் கவனிக்கும் இடத்திலேயே அதை ஓடவிட்டால் திரை உறைந்துபோகும். வாசலில் தபாலுக்கு நிற்கிறவனிடமே அடுப்பையும் பார்த்துக்கொள்ளச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான். அதனால் லூப்பைத் தனியாக ஒரு த்ரெட்டில் ஓடவிட்டாள். ஒரே புரோகிராமுக்குள் இரண்டு ஆள்: ஒருவர் செய்திக்குக் காத்திருப்பார், மற்றவர் திரையைப் பார்த்துக்கொள்வார்.

லைப்ரரிக்காரர்கள் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார்கள். லூப் ஓடும் த்ரெட்டைத் தவிர வேறு எங்கிருந்தும் லைப்ரரியைக் கூப்பிடக்கூடாது. வெளியிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டுமானால் வரிசையில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். லூப் கை ஒழிந்ததும் எடுத்துப் பார்க்கும். நிதானம் எல்லா இடத்திலும் ஒழுங்காகச் சீட்டுப் போட்டாள், ஓரிடம் தவிர. நர்ஸ் கட்டத்தைத் தொடும்போது பட்டன் விளக்கை அணைக்கச் சொல்லும் ஒற்றை வரி. இத்தனூண்டு வேலைக்கு இவ்வளவு சடங்கா என்று நேராகவே கூப்பிட்டுவிட்டாள். இவள் அவசரப்பட்டதாக நான் கேள்விப்பட்டது இது ஒன்றுதான். சோதனையின்போது முதலாளி பட்டனை மாற்றி மாற்றி அழுத்தி, புது பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி பூரித்துப்போனார்.

இடுப்பெலும்பு முறிந்து அம்மாவை ஒரு இல்லத்தில் சேர்க்க வேண்டிவந்தபோது, தன் மணி இருக்கும் இல்லமாகப் பார்த்துச் சேர்த்தாள். யாரையாவது கூப்பிட்டு வேலை வாங்குவதென்றால் அம்மாவுக்கு உடம்பே கூசும். காய்ச்சலில் படுத்தால்கூடத் தண்ணீருக்குத் தானே எழுந்து போகிற ஜன்மம். பட்டனை அழுத்தச் சம்மதிக்க வைப்பதற்குள் மகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"நான் செஞ்ச மணிம்மா இது. அழுத்தினா கண்டிப்பா வருவாங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்மா அழுத்தக் கற்றுக்கொண்டாள்.

சில வாரம் கழித்து ஒரு காலை, எல்லாக் கட்டிலிலிருந்தும் ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். நர்ஸ் ஒரு கட்டத்தைத் தொட்டதும் வேறொரு பட்டனின் செய்தி வந்ததும் ஒரே சமயத்தில் நடந்தது. இரண்டு த்ரெட்டும் ஒரே இடத்தில் கைவைக்க, லூப் குழம்பி, அதன் த்ரெட் செத்துப்போனது. சத்தமே இல்லை. திரையைக் கவனித்த த்ரெட்டுக்கு அந்தச் சாவு தெரியவும் இல்லை. அது பாட்டுக்குத் திரை மூலையில் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டு, எல்லாக் கட்டங்களையும் பச்சையாகவே வைத்திருந்தது. அப்பாடா, இன்றைக்குத் தொந்தரவில்லை என்று நர்ஸுகள் மூச்சுவிட்டார்கள். விரிப்பு மாற்றுகிற பெண் மதியம் வந்து பார்த்தபோது, காலையிலிருந்து பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருந்த அம்மா நனைந்த விரிப்பிலேயே படுத்திருந்தாள்.

தலைமை நர்ஸ் போனில் கொதித்தார். நிதானம் சப்பைக்கட்டு கட்டவில்லை. அன்றே அந்த வரியைக் கண்டுபிடித்து, அங்கேயும் சீட்டுப் போட வைத்தாள். லூப் நின்றால் திரை முழுக்கக் கறுத்துப்போய் அலறும்படியும் செய்தாள். வயர் கோளாறு என்று பூசி மெழுகிவிடலாம் என முதலாளி மெதுவாக இழுத்தார். அவள் கேட்கவில்லை; எல்லா இல்லங்களுக்கும் தன் பிழை என்றே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மணி ஒருநாளும் தவறவில்லை.

அடுத்த முறை போனபோது அம்மாவின் உதடு வெடித்திருந்தது. தலைமாட்டில் தண்ணீர் டம்ளர் தொடாமல் இருந்தது. பட்டன் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மணியச் சரி பண்ணிட்டேன்மா. ஒருதடவ அழுத்திப் பாரேன்."

"இப்ப எதுக்கு? நல்லாத்தான் இருக்கேன்."

"தண்ணி ஏன் குடிக்கல?"

அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள். "குடிச்சா போகணும், போகணும்னா கூப்பிடணும். குடிக்கலேன்னா ஒரு வம்பும் இல்லடி."

செத்த த்ரெட்டை நிதானத்தால் எழுப்ப முடிந்தது. இதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. டம்ளரை எடுத்து நீட்டினாள். அம்மா கைநீட்டி, வாங்காமல் நிறுத்தினாள்.

"நீ எவ்வளவு நேரம் இருப்பே?" என்று கேட்டாள்.