மேட்டில் பார்த்த ஜீப்

ஏற்காட்டில் இரண்டு பேர் வாக்குக்கு அப்பீல் கிடையாது. ஒருவர் சேர்வராயன் சாமி, இன்னொருவர் ஜீப் மெக்கானிக் சாதிக் பாஷா. சாமியாவது வேண்டிக்கொண்டால் மனது மாறும். பாய் மாறவே மாட்டார்.

எதிர்க்கடையில் ஸ்வெட்டர் விற்கும் நான் இருபது வருடமாக அவரை வேடிக்கை பார்க்கிறேன். சுற்றுலாக்காரர்கள் வராத நாளில் வேறென்ன வேலை? வண்டி வாசலுக்கு வரும்போதே, கையில் டீ கிளாஸோடு, "கிளட்ச் தேஞ்சு போச்சுங்க" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் கோளாறு. தலைக்கனம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

போன தை மாதம் மாரமங்கலம் ராசாத்தி தன் பழைய ஃபோர் வீல் ஜீப்போடு வந்தாள். காலையில் ஆட்களை எஸ்டேட்டில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் அவள் பிழைப்பு. அதற்கு முன் பதினாறு வருடம் அதே எஸ்டேட்டில் கூடை கட்டிக் காப்பிப் பழம் பறித்தவள்.

"பாய், ஆக்சிலேட்டர்ல இருந்து காலெடுத்தா அடியில டொம்முனு இடிக்குதுங்க. மறுக்கா மிதிச்சா இன்னொரு டொம். கியர் ராடு கையிலயே குதிக்குதுங்க."

பாய் அடியில் படுத்தார். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேஸியோடு பிடித்து வைத்திருக்கும் மவுண்டிங் ரப்பர்களுக்குப் பக்கத்தில் கடப்பாறையைக் கொடுத்து நெம்பினார். அசையவில்லை. சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைப் பிடித்துத் திருகினார். அதுவும் அசையவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரப்பரு, ஜாயிண்ட்டு எல்லாம் கல்லாட்டம் இருக்குதுங்க அம்மிணி. கியர்பாக்ஸுக்குள்ள பல்லு போச்சு. இந்த மாடலுக்கு உள்சாமான் இப்ப எங்கயும் கெடைக்காது. வித்துப்போடுங்க."

"அப்ப மறுக்கா கூடையத்தான் தூக்கோணும்" என்றாள் ராசாத்தி.

ராசாத்தி வாட்ஸ்அப்பில் போட்ட ஜீப் போட்டோவைப் பார்த்து, அடுத்த ஞாயிறே சேலத்திலிருந்து அண்ணாதுரை என்ற வியாபாரி வந்துவிட்டார். பழைய ஜீப்புகளை வாங்கிப் பிரித்து விற்பவர். பட்டறையைப் பார்த்ததும் அவர் இரண்டடி பின்னால் போனார். எங்கள் ஊரில் சமதளம் அபூர்வம். பட்டறையும் சரிவில்தான் இருக்கிறது. நாங்கள் யாரும் ஹேண்ட்பிரேக்கை நம்புவதில்லை. கியரில் போட்டு நிறுத்துவோம், துணைக்குச் சக்கரத்தடியில் ஒரு கல். ராசாத்தியின் ஜீப்பும் அப்படித்தான் நின்றது, பாய் சோதித்த அன்றும் சரி, இன்றும் சரி.

"ஏனுங்க, இந்த மேட்டுல நான் அடியில படுக்க மாட்டேனுங்க. சமமான எடத்துல நிறுத்துங்க."

சேலத்துக்காரருக்குப் பயம் என்று பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லோரும் ஏரிப் பக்கத்து மைதானத்துக்குப் போனோம். கடையைச் சாத்திவிட்டு நானும்தான். இடி எப்படி வருகிறதென்று காட்ட, பாய் பானட்டைத் திறந்துவைத்தார். "முதல் கியரப் போட்டு, பிரேக்க அழுத்திக்கிட்டு கிளட்ச்ச மெதுவா விடுங்க அம்மிணி."

இன்ஜின் ஒரு பக்கமாக எகிறியது. கிளட்சை மிதித்ததும் டொம்மென்று திரும்ப விழுந்தது. வண்டியை அணைத்து நியூட்ரலில் போடச் சொன்னார். அதே கடப்பாறை, அதே இடம். இந்த முறை விரல் நுழையும் அளவுக்கு இன்ஜின் தூக்கிக்கொடுத்தது. ரப்பர் இரும்புத் தகட்டை விட்டுப் பிய்ந்து கிடந்தது.

சரிவில் கியரில் நின்றபோது வண்டியின் பாரம் ஷாஃப்ட் வழியாக வந்து இன்ஜினை ஒரே பக்கமாக முறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த இறுக்கத்தில் பிய்ந்த ரப்பரும் நல்ல ரப்பராக நடித்திருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை அதை ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் என் கவலை.

அண்ணாதுரை பின்னால் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ராசாத்தி ஸ்டீயரிங்கில் இருந்தாள். பார்த்தது பாயும் நானும் மட்டுமே. பானட்டை மூடிவிட்டால் அவர் வாக்கு அப்படியே நிற்கும். மூடினாரென்றால் இனி அவர் முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

பாய் மூடவில்லை. "அம்மிணி, எறங்கி வந்து பாருங்க. நான் சொன்னது தப்புங்க. கியர்பாக்ஸுக்கு ஒண்ணுமில்ல, ரப்பரு ரெண்டு மாத்துனா போதும். வண்டிய விக்காதீங்க."

அண்ணாதுரை முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார். ரப்பர் சேலத்திலேயே கிடைத்தது. இரண்டாம் நாள் ராசாத்தி ஓட்டிப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்தாள். எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. கிளம்பும்போது திடீரென்று நினைவு வந்தவள்போல் நின்றாள்.

"ஏனுங்க பாய், போன வருசம் கரடியூர் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் ஜீப்பையும் கியர்பாக்ஸ் போச்சுன்னு விக்கச் சொன்னீங்களே. அதையும் இங்கயே நிறுத்தித்தானுங்களே பாத்தீங்க?"

அவள் குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். மதியம் பாய் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கரடியூர் பஸ்ஸில் ஏறினார். ஸ்தனிஸ்லாஸ் இப்போது அங்கே ஒரு எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். மற்றவர்கள் ஜீப்புக்குக் கதவு திறந்துவிடுகிறார்.