வடிகட்ட முடியாத நாலாம் நம்பர்

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள் கண்ணுங்களா. நடந்தது. 1991, ஐப்பசி மாதம், அதுவும் பட்டப்பகலில். பயமாக இருந்தால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரகடம் சாலையில் தகடு அடிக்கும் தொழிற்சாலை. ஆறு பிரஸ் மெஷின்கள். ஒவ்வொன்றின் கணக்கையும் போட்டுவைக்க கம்ப்யூட்டரில் ஒரு டைரக்டரி, அதாவது ஒரு தனி அறை மாதிரி: press1, press2 என்று. கம்ப்யூட்டர் பார்த்த மஞ்சுளா ஷெல் ஸ்கிரிப்ட் என்று கம்ப்யூட்டருக்கான ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பை எழுதி வைத்திருந்தாள். press என்று தொடங்கும் பெயர்களை மட்டும் அது பொறுக்கியெடுத்து அச்சடிக்கும்.

நாலாம் நம்பர் அதற்கு முந்தின மாதம், தன்னை ஓட்டிய நாகப்பனைத் தலையோடு நசுக்கியது. அன்றிலிருந்து சும்மா கிடந்தது.

சூப்பர்வைசர் வசந்தகுமார் வந்தார்.

"நாளைக்கி ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வராரு. லிஸ்ட்ல நாலு வரக்கூடாது. வடிகட்டிடு."

"அத்த ஓட்டப் போறீங்களா சார்?"

"ராத்திரி ஷிப்டுல. உன் தம்பி டில்லிபாபுதான். இப்பவே அதுல தகடு அடிக்கிற அச்சு மாட்டிக்கினு கீறான். இன்னாத்துக்கு முழிக்கிற?"

 மஞ்சுளா 'press4 தவிர' என்று ஒரு வரி சேர்த்து ஓட்டினாள்.

பிரிண்டர் கிர்ர்ர்... என்றது.

press4
press4
press4

மற்ற ஐந்தையும் காணோம்.

வரியைப் படித்துப் பார்த்தாள். தப்பே இல்லை. press4 டைரக்டரியையே அழித்தாள். மறுபடி ஓட்டினாள்.

press4... press4... காகிதம் நிற்கவே இல்லை.

தம்பி!

ஓடினாள். டில்லிபாபு நாலாம் நம்பருக்குள் தலையை நுழைத்து ஆணி முடுக்கிக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள்.

"இன்னாக்கா, லூசா நீ?"

பின்னாலேயே வந்த வசந்தகுமார் சிரித்தார்.

"பயந்தாங்கொள்ளிக் குடும்பம். இது எப்படி ஓடும்? எனக்குத் தெரியாதா?" வலது கையை உள்ளே நீட்டினார். "பாரு, ஒண்ணியும்..."

டங்!

மணிக்கட்டு.

டங்! உள்ளே இழுபட்டார். முழங்கை.

டங்!

தோள்.

மஞ்சுளாவின் முகத்தில் ரத்தம் சூடாகத் தெறித்தது. எலக்ட்ரீஷியன் தணிகாசலம் மெயினை அணைக்க ஓடி வந்தான். பாதியில் நின்றுவிட்டான்.

"எத்த அணைக்கிறது? அதுல மோட்டாரே இல்லியேக்கா!"

உண்மைதான். நாகப்பன் செத்த மறுநாளே கழற்றி, அம்பத்தூருக்குப் பழுது பார்க்க அனுப்பியிருந்தார்கள். வசந்தகுமார் சிரித்ததும் அது தெரிந்துதான்.

பழுது பார்த்த மோட்டாரை ராத்திரி ஷிப்டுக்காக ஏற்றிவந்த லாரி, அந்த நேரத்தில் பல மைல் தள்ளி, தண்டலத்து டீக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்ததாம்.