ஓல்டனில் நின்ற மாப்பிள்ளை

ஒரு கிழமையாக வாட்டி எடுத்த வெயிலை ஒரே இடிமழை துரத்திவிட்டது. தண்டவாளத்தில் வெள்ளமாம், எங்கள் ரயில் சுவிஸின் ஓல்டன் நிலையத்தில் நிற்கிறது. இறங்கிக் குளிர்காற்றை ஆசை தீரக் குடிக்கிறேன். பக்கத்தில் பட்டுவேட்டி கட்டிய இளைஞன் ஒருவன் தவிக்கிறான்.

“அண்ணை, இண்டைக்கு எனக்குக் கலியாணம். ரோட்டில வெள்ளமெண்டு காரை விட்டிட்டு ரயிலில ஏறினன்.”

“ஐயருக்கு போன் அடிச்சுச் சொல்லுமன், தம்பி.”

“அவரும் இதிலதான் வந்தவர்!”

ஐயர் நடைமேடைக் கூரைக்கு வெளியே, மழைக்கு முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

“ஐயா, முகூர்த்தம் முடியப்போகுது!”

“ஆர் சொன்னது? நல்ல நேரம் இப்பதானே தொடங்குது!”

மாப்பிள்ளை பயந்து பயந்து மணப்பெண்ணை அழைக்கிறான். கைப்பேசி சிரிப்பில் அதிர்கிறது.

“ஆறுதலா வாங்கோ. மண்டபத்தில ஒருத்தரும் இல்லை. எல்லாரும் வெளியில மழையில நனையினம். நானும்தான்!”