சிவப்புச் சொசேஜ்

அந்த ஊரின் பெயரை மாமாவால் கடைசிவரை சரியாக உச்சரிக்க முடிந்ததில்லை. டென்மார்க்காரர் பாதிச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள், மிச்சத்தைக் கேட்பவர்தான் ஊகிக்க வேண்டும் என்பார். ஆகவே எங்கள் குடும்பத்தில் அந்த ஊர் 'மாமாவின் கடல்' என்றே வழங்கிவந்தது. நான் அங்கே போனது ஒரே ஒரு முறை. காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட்டோம்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவும் நானும் சுவிஸில், பீல் நகரத்தில் இருந்தோம். அம்மா ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள்ளுகளைப் பொருத்துகிற வேலை செய்தார். அதனால் வீட்டிலும் எந்தப் பொருளையும் இரண்டு விரல் நுனியால் தூக்குகிற பழக்கம் அவருக்கு வந்திருந்தது. அப்பா கொழும்பில் இருந்தார். அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. பேப்பர்கள் சரிவந்தவுடன் வந்துவிடுவார். எனக்கு அது வகுப்பு ஆசிரியை சுகயீன விடுமுறையில் இருப்பது போன்ற ஒரு விஷயம். ஆள் இருக்கிறார், இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

கோடை விடுமுறை முடிந்து வருகிற வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கடலைப் பற்றித்தான் கதைப்பார்கள். எங்களுக்கு ஏரிதான் இருந்தது. அதனால் டென்மார்க்கிலிருந்த மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், எங்களை வரச்சொன்னபோது நான் ரயில் ஏறும்வரை சரியாகச் சாப்பிடவில்லை.

மாமா மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. நாங்கள் போய் இறங்கியதும் என்னைத்தான் முதலில் சீண்டினார்.

"உங்கடை சுவிஸிலை மலை இருக்கு, காசு இருக்கு, சொக்கிலேற்று இருக்கு. ஒரு செம்பு கடல் இருக்கோ?"

"ஏரி இருக்கு."

"ஏரியிலை தாறா நீந்தும், பிள்ளை. கடலெண்டால் மறுகரை தெரியக்கூடாது. பொறு, காட்டுறன்."

கடலுக்குப் போகிற அன்று காலையில் பெரியவர்கள் யாரும் சாப்பிடவில்லை. அது எனக்குப் புதிதல்ல. ஆடி அமாவாசையன்று பீலிலும் அம்மா தன் அப்பாவின் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு மதியத்துக்குப் பிறகுதான் சாப்பிடுவார். "இது அப்பா செத்த ஆக்கள் பிடிக்கிற விரதம். உனக்கு அப்பா இருக்கிறார்தானே, நீ சாப்பிடு" என்பது அவர் எனக்குச் சொல்லித்தந்திருந்த சட்டம். அன்றும் அம்மா குளிக்கப் போயிருந்தபோது மாமி எனக்குப் பாணில் ஜாம் பூசினார். பூசிவிட்டு, தட்டைத் தராமல் மாமாவைப் பார்த்தார்.

"குடு, குடு. பாணும் ஜாமும் சைவம்தானே" என்றார் மாமா.

நான் சாப்பிடுவது சைவமா இல்லையா என்பது அவருக்கு ஏன் முக்கியமாக இருந்தது என்று நான் யோசிக்கவில்லை.

காரில் போய் இறங்கிய ஊர் சிறியது. மஞ்சள் சுவர் வீடுகள், ஓட்டுக்கூரைகள், சுவரோரங்களில் ஆளுயரத்துக்கு வளர்ந்த பூச்செடிகள். துறைமுகத்தில் பாய்மரப் படகுகளின் கம்பிகள் காற்றில் மோதிக் கிணுகிணுத்தபடி இருந்தன. அன்று மழை பெய்ததாக மாமி பிற்காலத்தில் சொல்வார். பெய்யவில்லை. காற்றுத்தான் பலமாக அடித்தது. கரையில் ஒரு வண்டிக்கடை நின்றது. அதில் சொசேஜ் விற்றார்கள், அப்படியொரு சிவப்பில் நான் அதுவரை எந்தச் சாப்பாட்டையும் பார்த்ததில்லை. பாணுக்கு இரண்டு பக்கமும் அது நீட்டிக்கொண்டு நின்றது. எனக்கு வேண்டும் என்றேன்.

"இண்டைக்கு வேண்டாம் குஞ்சு, நாளைக்கு வாங்குவம்" என்றார் மாமி அவசரமாக. அம்மா முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

துறைமுகத்தைத் தாண்டி மணற்கரை வந்தது. மறுகரை தெரியவில்லை, மாமா சொன்னது உண்மைதான். அவர் காற்சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பிறகு உள்ளேயிருந்து காற்சட்டையைக் கழற்றினார். குளிக்க வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தாங்கள் உரிஞ்சுபோட்டு நிக்கிறாங்கள். வேட்டி கட்டினவனைப் பாக்கிறாங்கள்" என்றார் மாமா. அம்மா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அத்தோடு சரி.

மாமி பையிலிருந்து செம்பு, எள்ளு, தர்ப்பை, வாழைப்பழம், சோற்று உருண்டை எல்லாவற்றையும் எடுத்தார். வாழையிலைக்குப் பதிலாகப் பிறந்தநாள் விருந்துகளில் வைக்கிற கடதாசித் தட்டு. மாமா தண்ணீருக்குள் இறங்கி, தன் அப்பாவின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். அம்மா முழங்காலளவு தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி கும்பிட்டார். ஊரில் இருந்தால் கீரிமலைக்குப் போய் ஐயர் சொல்லச் சொல்லச் செய்வார்களாம். இங்கே ஐயரும் இல்லை, மலையும் இல்லை, கடல் மட்டும் கிடைத்திருக்கிறது என்றார் மாமா.

பிறகு கரையேறி, பையிலிருந்து இன்னொரு கடதாசித் தட்டை எடுத்து மணலில் வைத்தார். அதிலும் சோற்று உருண்டை, அதிலும் எள்ளு.

"பிள்ளை, இஞ்சை வா. மாமா சொல்லுற மாதிரிச் சொல்லி, கையாலை கொஞ்சம் தண்ணி விடு."

நான் சந்தோஷமாக ஓடினேன். அம்மா தண்ணீரிலிருந்தே கேட்டார்.

"அது ஆருக்கு அண்ணை?"

மாமா தட்டை மணலில் அழுத்தி நேராக்கினார். மாமி பையின் வாயை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஆருக்கெண்டு கேக்கிறன்."

"தங்கச்சி, லண்டனிலை இருக்கிற பெடியன் சொன்னவன்தானே. அவரோடை அந்த முகாமிலை இருந்தவன். எவ்வளவு காலத்துக்கு இப்பிடியே விடுறது? அந்த ஆத்துமா அலையக்கூடாது. பொம்பிளைப் பிள்ளையெண்டாலும் அவருக்கு ஒரே பிள்ளை."

"அந்தப் பெடியன் கண்ணாலை கண்டவனோ?"

"காணேல்லை. கேள்விப்பட்டவன்."

"கேள்விப்பட்டதுக்கு என்ரை பிள்ளை எள்ளுத்தண்ணி விடாது."

அம்மா கரைக்கு வந்து என் கையைப் பிடித்தார். அவருடைய கை ஈரமாகவும் மிகக் குளிராகவும் இருந்தது. சேலைக்கரையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, வந்த வழியே துறைமுகத்தை நோக்கி என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். எனக்கு ஏதோ தண்டனை கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். வண்டிக்கடைக்கு முன்னால் நின்றார். அவருக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. சிவப்புச் சொசேஜைக் காட்டி, "ஐன்ஸ்" என்று ஜெர்மனில் ஒன்று கேட்டார்.

அம்மா தன் வாழ்க்கையில் அப்படியொரு இறைச்சியைத் தொட்டதில்லை. விரத நாளில் முட்டையைக்கூடத் தொடமாட்டார். கடைக்காரப் பெண் கொடுத்ததை மணிக்கூட்டு முள்ளைப் பிடிப்பதுபோல இரண்டு விரல் நுனியில் வாங்கி, என் வாயருகே நீட்டினார்.

"கடி."

நான் கடித்தேன். மாமாவும் மாமியும் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். மாமாவின் ஈர வேட்டி காலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மச்சாள், நல்ல நாளும் அதுவுமாய்..." என்றார் மாமி. "அது பண்டியோ மாடோ தெரியாது."

"எதெண்டாலும் சைவமில்லைத்தானே மச்சாள்? அது காணும்."

நான் விழுங்கும்வரை அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டிக்கடையின் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, காற்றில் கலைந்திருந்த குங்குமப் பொட்டை மோதிர விரலால் சரிசெய்தார். மாமா திரும்பி மணற்கரைக்குப் போனார். இரண்டாவது தட்டிலிருந்த உருண்டையை அவர் கடலில் விடவில்லை. தட்டோடு மடித்துப் பையில் வைத்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். இன்னுமொரு சொசேஜ் கேட்டேன். அம்மா வாங்கித் தந்தார். ஒரே நாளில் இரண்டு! பீலுக்குத் திரும்பி வகுப்பில் நான் கடலைப் பற்றிச் சொன்னது குறைவு. சொசேஜைப் பற்றித்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசையிலும் அம்மா தன் விரதச் சமையலைத் தொடங்க முன்னர் எனக்கென்று வேறு சட்டியில் கோழிக்கறி வைத்தார். வைத்துவிட்டு மறுபடி தலைமுழுகுவார். வளர்கிற பிள்ளைக்குச் சத்து வேண்டும் என்பதற்காக என்று நினைத்திருந்தேன். பதினைந்து வயதில், சிநேகிதிகளோடு சேர்ந்து நானும் இனி மரக்கறிதான் என்று அறிவித்தேன். அம்மா மறுக்கவில்லை, மெச்சவும் செய்தார். ஆடி அமாவாசை வந்தபோதுதான் தட்டோடு வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"வேறை எந்த நாளும் வேண்டாம். இண்டைக்கு மட்டும் ஒரு துண்டு."

"ஏனம்மா?"

"நாளைக்கு அப்பா வந்து நிண்டால், உங்களுக்குத் தண்ணி விட்டிட்டம் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

நான் சாப்பிட்டேன். அப்பா வரவில்லை. கண்ணால் கண்டவர் எவரும் வரவில்லை. அம்மா பொட்டோடுதான் போனார். தாயை இழந்தவர்கள் விரதம் பிடிக்கிற சித்திரைப் பௌர்ணமியில் அவருக்காக நான் விரதம் இருக்கிறேன். ஆடி அமாவாசையில் எனக்கு முன்னால் தட்டோடு வந்து இருக்க இப்போது யாருமில்லை. ஒரு துண்டு நானே சமைத்துச் சாப்பிடுகிறேன். அது விழுங்குவதற்குக் கஷ்டமாக இருக்கிறது.

அன்று அப்படி இருக்கவில்லை. திரும்பி வரும்போது காருக்குள் ஈர வேட்டியின் உப்பு வாசம் நிறைந்திருந்தது. என் வயிறும் நிறைந்திருந்தது. மாமாவின் கழுத்தைப் பின்னாலிருந்து பார்த்தபடி, அப்பா வந்த பிறகு அவரையும் இங்கே கூட்டிக்கொண்டு வருவோமா என்று கேட்டேன். அவருக்கும் அந்தச் சொசேஜ் பிடிக்கும் என்றேன்.

"ஓம்" என்றார் அம்மா.

மாமாவும் மாமியும் பேசவில்லை. காலையிலிருந்து சாப்பிடாததால் அவர்களுக்குக் களைப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.