தலைகீழாகக் குத்திய நட்சத்திரம்

பழைய நகைகள் விற்கும் அந்தக் கடையில் அவருக்கு 'அளப்பு' என்று பெயர். யாரும் வைத்ததில்லை, தானாக ஒட்டிக்கொண்டது. வாய்க்கு வந்ததை அளந்துவிட்டே பாதி வாழ்நாளை ஓட்டிய விற்பனையாளர். அதிலும் புடவையில் குத்திக்கொள்ளும் அந்த வைர நட்சத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். நூறு வருஷத்துக் கல், பின்பக்கம் வெள்ளி, திருகைக் கழற்றினால் மார்பில் குத்துவதைக் கொண்டையிலும் குத்தலாம். இதுவரை உண்மை. மீதியெல்லாம் அவர் சொந்தச் சரக்கு. கல்யாணப் பெண் வந்தால் நட்சத்திரம் மாறாத காதல். வக்கீல் வந்தால் வெற்றி. ஒரு அம்மாள் தனியாக வந்து நின்றபோது, "வழி தவறினவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வரும்மா. கப்பல்காரங்க பெண்டாட்டிங்க இதைத்தான் போட்டுக்குவாங்க" என்று அடித்துவிட்டார்.

மறுமாதம் அந்த அம்மாள் வந்து நகையை மேசைமேல் வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் வந்துட்டார்."

"நல்ல சேதிதானேம்மா?"

"ஓடிப்போய்ப் பத்து வருஷம் ஆச்சு. நிம்மதியா இருந்தேன். அழகா இருக்குன்னு வாங்கினேன், அவரை யாரு கேட்டா? இதைத் திருப்பி எடுத்துக்குங்க."

முதலாளி உள்ளேயிருந்து அளப்பை எட்டிப் பார்த்தார். "அது திரும்பி வந்தா, நீங்க வீட்டுக்குப் போயிடலாம்" என்றார், மணி கேட்டவருக்குப் பதில் சொல்வது போல.

அளப்புக்கு இந்த வயசில் வேறு யார் வேலை தருவார்கள்? அளப்பதைத் தவிர அவருக்கு என்னதான் தெரியும்? நகையைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாளோடு அவள் வீட்டுக்கே போனார்.

கூடத்தில் கணவர், மடியில் பையை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"தலைகீழாக் குத்துங்கம்மா. வந்த வழியே அனுப்பிடும்" என்றார் அளப்பு.

எட்டு முனை நட்சத்திரம் அது. எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த அம்மாள் கண்ணாடி முன்னால் நின்று, எது மேல், எது கீழ் என்று அவரைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிக் குத்தினாள். அவரும் கூசாமல் சொன்னார். கணவர் அத்தனையையும் பார்த்தார். பிறகு எழுந்தார், செருப்பை மாட்டினார், போய்விட்டார்.

"வேலை செய்யுதே" என்றாள் அம்மாள். "இனிமே இதை யாருக்கும் தரமாட்டேன்."

அப்பாடா, பிழைப்பு தப்பியது. படியிறங்கும்போது தன் சரக்கை அவரே கொஞ்சம் நம்பிவிட்டார்.

தெருமுனையில் கணவர் பையோடு நின்றிருந்தார்.

"நீங்கதானே அனுப்பினீங்க? எந்தப் பக்கம் போகணும்?"

"வந்த பக்கம்தான்."

"அங்கேயிருந்தும் போகச் சொல்லிட்டாங்களே, அதனாலதான் இங்க வந்தேன். வந்ததும், 'இதுதான் உங்களை இழுத்துட்டு வந்திருக்கு'ன்னு அவ நட்சத்திரத்தைக் காட்டினா. என்னை நெனச்சுத்தான் வாங்கியிருக்கான்னு ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன்."

அளப்பு வாயைத் திறந்தார். ஒரு கதையும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் பையைக் கை மாற்றிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். எந்தப் பக்கம் என்று சொன்னாலும் போய்விடுவார்.